பதினான்கு நாளை யார் எண்ணுகிறார்கள்?

வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். “நான் எதுவும் வாங்கவே இல்லை” என்று வருகிறவர்களின் புகாரைத் தீர்ப்பது பெரும்பாலும் எளிது. “நான் வாங்கியது ஒன்றே ஒன்றுதான்” என்று வருகிறவர்களிடம்தான் நான் திணறுகிறேன்.

சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்தார். ஸ்டேட்மென்ட்டோடு, மூட்டுவலி மாத்திரை டப்பா ஒன்றையும் மேசைமேல் வைத்தார். “இலவசமாகச் சாப்பிட்டுப் பாருங்கள் என்றுதான் போட்டிருந்தது, தம்பி. அனுப்பும் செலவுக்கு 4.95 டாலர் கேட்டார்கள், கட்டினேன். அப்புறம் வந்த இதெல்லாம் என்ன கணக்கு?” மாதம் 89.99 டாலர் வீதம் மூன்று மாதம் போயிருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் ஏழாயிரத்து எழுநூறு ரூபாய்ச் சொச்சம்.

அந்தத் தளத்தின் விதிமுறைப் பக்கத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். சோதனைக் காலம் 14 நாள். அது டப்பா கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, ஆர்டர் போட்ட நாளிலிருந்து எண்ணப்படுகிறது. பார்சல் கடல் கடந்து வரவே 11 நாள் ஆகிவிட்டது. மீதி மூன்று நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், அந்த ‘இலவச’ டப்பாவுக்கே முழு விலை. அதன்பின் மாதாமாதம் ஒரு டப்பா. சாம்பல் நிறப் பொடி எழுத்தில் எல்லாமே எழுதப்பட்டிருந்தது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ கட்டத்தில் டிக் குறி முன்கூட்டியே விழுந்திருந்ததாம்.

“ஓடிபி கூட வரவில்லையே?” என்றார். நம் நாட்டுத் தளங்களில் கார்டுக்கு ஓடிபி கேட்பார்கள்; வெளிநாட்டுத் தளம் கேட்காமலே எடுத்துவிட முடியும். மகளைப் பார்க்க நியூஜெர்சி போனபோது கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டவர், திரும்பி வந்தபின் மூடவில்லை. ரிசர்வ் வங்கி 2020-இல் பிறப்பித்த உத்தரவால் எல்லா வங்கிகளும் இப்படித் திறக்கவும் மூடவும் வசதி தருகின்றன. மூடுவது செயலியில் ஒரு நிமிட வேலை. இதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றைச் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

இது பழைய வித்தை. அசாய் பெர்ரி என்ற பழத்தின் பெயரில் எடைக் குறைப்பு மாத்திரையை ‘இலவசச் சோதனை’ என்று சொல்லி விற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்றின் மீது அந்நாட்டு வணிக ஆணையம் 2010-இல் வழக்குத் தொடுத்தது. ஓப்ரா வின்ஃப்ரே பரிந்துரைப்பதாகப் பொய் விளம்பரம் செய்தது குற்றச்சாட்டுகளில் ஒன்று. மறு ஆண்டு, கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து நடந்த இன்னொரு கூட்டத்தின் மீதான வழக்கில், அவர்கள் வசூலித்ததாகச் சொல்லப்பட்ட தொகை 45 கோடி டாலருக்கும் மேல். இத்தகைய புகார்கள் ஓயாததால்தான், சோதனைக் காலம் முடிந்து முழு விலை எடுக்கும் முன் வாடிக்கையாளரின் ஒப்புதலை மறுபடி பெற வேண்டும் என்று 2019-இல் மாஸ்டர்கார்டு விதி கொண்டுவந்தது. ஆனாலும் என் மேசைக்குப் புகார்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எனக்குப் புரியாத ஒன்று உண்டு. பதினான்கு நாளில் எந்தச் சத்து மாத்திரையைச் சோதிக்க முடியும்? முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மூட்டுக்கான குளுக்கோசமைன் பற்றிய ஆய்வுகளை மாதக்கணக்கில் நடத்துகிறார்கள். முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பங்கு உடலிலுள்ள நீர்.

உள்நாட்டில் இதே வலை ‘ஒரு ரூபாய்’ என்ற பெயரில் வருகிறது. கணக்கிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் எடுக்க அனுமதிக்கும் யுபிஐ ஆட்டோபேயில் ஒரு ரூபாய்க்கு ரகசிய எண்ணை (பின்) அழுத்தும்போது, எடுக்கக்கூடிய உச்சத் தொகையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதும் திரையில் தெரியும். யாரும் படிப்பதில்லை, நான் உட்பட. அதன்பின் 15,000 ரூபாய் வரை மறுபடி பின் கேட்காமலே போகும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வர வேண்டும் என்பது விதி. வரத்தான் செய்கிறது, கடன் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே. செயலியிலேயே அந்த அனுமதியை ரத்து செய்யலாம். இப்படிச் சந்தாவில் சிக்கவைப்பதை, 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல் தடைசெய்த 13 உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915.

மாட்டிக்கொண்டால், கோபத்தில் “நான் வாங்கவே இல்லை” என்று புகாரில் எழுதிவிடாதீர்கள். நீங்கள் தட்டச்சு செய்த முகவரி, பார்சல் வாங்கிய சான்று எல்லாவற்றையும் விற்றவர் அனுப்புவார். புகார் அங்கேயே விழுந்துவிடும். முதலில் விற்றவருக்கு ரத்து மின்னஞ்சல் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பார்சல் வந்தால் வாங்காமல் திருப்பிவிடுங்கள். பிறகு, ரத்து செய்த பின்னும் பணம் எடுக்கிறார்கள் என்று வங்கிக்கு எழுதுங்கள். அந்த அம்மா இரண்டாவது முறை பணம் போனதுமே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதனால் மூன்றாவது தொகை திரும்பக் கிடைத்தது. முதல் இரண்டுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

“மிச்சத்தைச் சாப்பிடலாமா?” என்று அன்று கேட்டார். நான் வங்கிக்காரன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். இங்கே முறைப்படி விற்கும் சத்துப் பொருளில் இருக்க வேண்டிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இல்லை. தினமும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றும் சொன்னார். டாக்டரிடம் காட்டாமல் தொட வேண்டாம் என்றேன். வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கைப்பேசியில் தானே மூடிவிட்டு, சரியாக மூடியிருக்கிறதா என்று என்னிடம் ஒருமுறை காட்டினார். பிறகு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, டாக்டர் வீட்டுக்கு எந்தப் பஸ் என்று கேட்டார்.