மனப்பாடம் செய்த ஆங்கிலம் மேடையில் ஏன் நின்றுவிடுகிறது?

டெல்டா மாவட்டங்களின் கலைக் கல்லூரிகளில் "இங்கிலீஷ் பேச வராது" என்று ஒதுக்கப்படும் மாணவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியும். பகுதி 2 ஆங்கிலத் தாளில் தேறிவிடுகிறார்கள். பாடத்தைப் படித்தால் புரிந்துகொள்கிறார்கள். எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசச் சொன்னால்தான் நான்காவது வரியில் நின்றுவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் தயாரித்த விதத்தில் இருக்கிறது.

இணையத்தில் எடுத்த ஒரு பக்கத்தை அப்படியே உருப்போட்டு வருவதுதான் வழக்கம். உருப்போட்ட பேச்சில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ஒரு சொல் நழுவினால் அடுத்த வரிக்கு வழியில்லை. பேசத் தொடங்கும் முன்பும் முதல் நிமிடத்திலும்தான் பதற்றம் உச்சத்தில் இருக்கும், பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். எனவே முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி ஒரு வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். நடுப்பகுதிக்கு ஓர் அஞ்சலட்டை அளவு தாளும் அதில் ஐந்தாறு சொற்களும் போதும். தாளில் முழு வாக்கியம் இருந்தால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

அளவும் முக்கியம். கேட்பவருக்குப் புரியும் வேகம் நிமிடத்துக்கு 120 முதல் 140 சொற்கள். அப்படியானால் மூன்று நிமிடத்துக்கு 400 சொற்களே அதிகம். மாணவர் 600 சொற்கள் எழுதி வந்தால் நிமிடத்துக்கு 200 வீதம் ஓட வேண்டியிருக்கும். மூச்சு வாங்கும், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கேட்பவர் பாதியிலேயே விட்டுவிடுவார்.

தலைப்பைத் தேர்வதில்தான் ஆசிரியர்கள் அதிகம் தவறுகிறோம் என்று நினைக்கிறேன். புவி வெப்பமாதல், பெண் முன்னேற்றம் என்று கொடுத்தால் எல்லாரும் ஒரே பக்கத்தை ஒப்பிப்பார்கள். சுவாமிமலைப் பக்கத்து மாணவரிடம் பஞ்சலோகச் சிலை எப்படி வார்க்கப்படுகிறது என்று கேளுங்கள். மெழுகில் உருவம் செய்வது, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவது, காயவைப்பது, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றுவது, உலோகத்தை ஊற்றுவது, அச்சை உடைத்துச் செதுக்குவது: ஆறு படிகள், அட்டையில் ஆறு சொற்கள். வரிசை அவருக்கு மறக்காது. தேவைப்படும் ஆங்கிலமும் எளிது: ஃபர்ஸ்ட், தென், ஆஃப்டர் தட் என்ற இணைப்புகளும், 'த வேக்ஸ் இஸ் மெல்ட்டட்' போன்ற செயப்பாட்டு வினையும்தான். திருவாரூர்ப் பக்கத்து மாணவருக்குக் குறுவை நாற்றங்கால் முதல் நடவு வரை. நாச்சியார்கோவில் மாணவருக்குக் குத்துவிளக்கு. தெரிந்த பொருளைப் பேசும்போது மனம் மொழியை மட்டும் கவனித்தால் போதும்.

அடுத்த தடை வாக்கிய அமைப்பு. தமிழில் வினை கடைசியில் வரும். 'நேற்று மழை பெய்து பஸ் வராததால் நான் வகுப்புக்கு வர முடியவில்லை' என்று மனத்துக்குள் கட்டிவிட்டு அதே வரிசையில் ஆங்கிலத்தில் தொடங்கினால், 'எஸ்டர்டே ரெயின், பஸ்...' என்றதும் வழி அடைபடும். யார், என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லப் பழக்குங்கள். 'ஐ மிஸ்டு த கிளாஸ். இட் ரெயின்டு ஹெவிலி. த பஸ் டிட் நாட் கம்.' மூன்று சிறு வாக்கியங்கள், பிழை ஏதுமில்லை. முதல் பருவம் முழுக்க ஒரு வாக்கியத்துக்குப் பத்துச் சொல் என்ற வரம்பு வைத்தால் நல்லது. நீளம் பிறகு தானே வரும்.

"அறுபது பேர் வகுப்பில் எல்லாருக்கும் எப்படி வாய்ப்புக் கொடுப்பது?" என்ற கேள்வி நியாயமானது. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே 120 நிமிடம், பாடவேளையோ ஐம்பது நிமிடம். ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்பதை விட்டு, இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் ஒரே பேச்சை முதல் தோழரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் குறுக்கிடக்கூடாது. ஒருவருக்கு ஒன்பது நிமிடம், பிறகு கேட்டவர்கள் பேச ஒன்பது நிமிடம், இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணிக்குள் அறுபது பேரும் பேசி முடித்திருப்பார்கள். மூன்றாம் முறை தயக்கம் குறைந்து சொற்கள் சேர்ந்து வருவது காதில் விழும். இரைச்சலாகத்தான் இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் நான்கு வாரம் யாரையும் மேடை ஏற்ற வேண்டாம்.

உச்சரிப்பில் லண்டன் சாயலைத் தேட வேண்டியதில்லை. வலங்கைமானில் 1869இல் பிறந்து கும்பகோணத்தில் படித்த சீனிவாச சாஸ்திரி ஆங்கிலப் பேச்சுக்காகவே உலகறிந்தவரானார். இந்த மண்ணுக்கு அந்த மொழி எட்டாததல்ல. குறில் நெடில் வேறுபாடு நம் காதில் ஏற்கெனவே இருப்பதால் 'சிட்', 'சீட்' இரண்டும் நம் மாணவருக்குக் குழம்பாது. திருத்த வேண்டியவை சில. 'ஃபேன்' என்பது 'பேன்' ஆவது, 'ஷிப்' என்பது 'சிப்' ஆவது பொருளையே மாற்றும். 'எவ்ரி' என்பதை 'யெவ்ரி' என்று சொல்வது அவ்வளவு கெடுக்காது, விட்டுவிடலாம்.

இவற்றைவிடப் பெரியது அழுத்தம். தமிழில் அசைகள் ஏறக்குறைய சம கனத்தில் நடக்கும். ஆங்கிலத்தில் ஒரு அசை ஓங்கும், மற்றவை ஒடுங்கும். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபர் என்பதில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாவது. புதுச் சொல்லை நோட்டில் எழுதும்போதே ஓங்கும் அசைக்கு அடிக்கோடு போட்டு, சொல்லும்போது அந்த அசையில் மட்டும் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். வாரம் பத்துச் சொல் போதும்.

வாக்கிய முடிவில் குரல் இறங்கிப்போவது இன்னொரு பரவலான குறை. கடைமடைக்கு வந்து சேராத தண்ணீர்போல் கடைசிச் சொல் பின்பெஞ்சுக்குப் போவதில்லை. ஆங்கிலத்தில் புதுச் செய்தி பெரும்பாலும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கும், பன்மையைக் காட்டும் 'ஸ்' ஒலியும் அங்கேதான் தொலையும். வாக்கியத்துக்கு வாக்கியம் வாயை மூடி ஒரு மூச்சு எடுக்கப் பழகினால் இது சரியாகும். 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' என்ற ஒட்டுச் சொற்களும் குறையும்.

தமிழ்ப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களிடம் சபையை நேராகப் பார்க்கும் துணிவு இருக்கிறது, அதைப் பாராட்டுங்கள். அங்கிருந்து வரும் நீண்ட விளிகளை மட்டும் வெட்டுங்கள். முதல்வர், துறைத்தலைவர், நடுவர் என்று அடுக்குவதிலேயே அரை நிமிடம் போய்விடும். 'குட் மார்னிங், எவ்ரிஒன்' என்று சொல்லி நேரே பொருளுக்கு வரலாம். 'மைசெல்ஃப்' என்று பெயர் சொல்வதை முதல் நாளே 'ஐ ஆம்' என்று மாற்றிவிடுங்கள்.

மைக் வாயிலிருந்து நான்கைந்து அங்குலத்தில், முகவாய்க்கு நேராக இருக்கட்டும். நேர் எதிரே பிடித்தால் 'ப' ஒலியில் காற்று அடிக்கும். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால் கூவும்.

பேச்சின் நடுவே இலக்கணம் திருத்தாதீர்கள். குறித்துவைத்து, முடிந்தபின் நன்றாக வந்த ஒன்றையும் பொருளைக் கெடுத்த இரண்டையும் மட்டும் சொல்லுங்கள். மாணவர் தன் பேச்சில் ஒரு நிமிடத்தைக் கைபேசியில் பதிவுசெய்து, பேசியபடியே எழுதிப் பார்த்தால் மற்ற பிழைகளை அவரே பிடித்துவிடுவார்.

யாராவது மேடையில் அப்படியே நின்றுவிட்டால் சொல்லை எடுத்துக்கொடுக்க அவசரப்பட வேண்டாம். பத்து விநாடி பொறுங்கள். அதற்கும் வராவிட்டால், "வாட் ஹேப்பன்ஸ் ஆஃப்டர் த வேக்ஸ் மெல்ட்ஸ்?" என்பதுபோல அவருக்கு விடை தெரிந்த சிறு கேள்வி ஒன்று கேளுங்கள். பதில் சொல்லிக்கொண்டே பேச்சுக்குள் திரும்பிவிடுவார். திரும்ப முடியாதவரைக் கைதட்டி உட்காரவைத்து, அடுத்த வாரம் அதே தலைப்பை மூன்று தோழர்களிடம் சொல்லவைத்துவிட்டு மறுபடி மேடைக்கு அழையுங்கள்.