பன்னம்: ஃபான்ஜானுக்கும் ஃபூஜேருக்கும் தமிழ்ச்சொல்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் வீடுகளில் ஆர்க்கிட் வளர்க்கும் கரிய, நார்நாரான தொட்டிக்கு ஃபான்ஜான் என்று பெயர். பெபூர், பெலூவ் காடுகளில் குடை விரித்தாற்போல் நிற்கும் மரத்துக்கும் அதே பெயர்தான். மடகாஸ்கரின் மலகாசி மொழியிலிருந்து தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்கு வந்த சொல் இது. பார்வைக்கு மரம் என்றாலும் அதன் தடிமனில் பெரும்பகுதி வேர்தான். தண்டைச் சுற்றிப் பின்னிக்கிடக்கும் அந்த வேர்த்திரளைக் குடைந்துதான் தொட்டி செய்தார்கள். அது ஈரத்தையும் பிடிக்கும், காற்றையும் விடும். ஆனால் ஒரு தண்டு ஆளுயரம் வளரவே பல ஆண்டுகள் ஆகும். தயவுசெய்து தேங்காய்நார்த் தொட்டி வாங்குங்கள், ஆர்க்கிட் அதிலும் நன்றாகவே பூக்கும்.

சரி, ஃபான்ஜான் ஒரு வகை மட்டுமே. ஆங்கிலத்தில் ஃபெர்ன் எனப்படும், பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சில் ஃபூஜேர் என்று படிக்கும் மொத்தக் கூட்டத்துக்கும் தமிழில் என்ன பெயர்? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெரணி என்கின்றன. இலங்கையில் பன்னம். இங்கே தமிழ் கற்பிப்பவர்கள் பன்னத்தை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.

பன்னம் என்றால் இலை. வடமொழிப் பர்ணத்தின் தமிழ் வடிவம். இலைக்குடிலைப் பன்னசாலை என்று சொன்னதும் இதனால்தான். பர்ணத்துக்கு இறகு என்ற பொருளும் உண்டு. ஆங்கில ஃபெர்னும் அதே தொல்வேரிலிருந்து கிளைத்ததுதான். கிரேக்கத்திலும் இச்செடியின் பெயரான ப்டெரிஸ், இறகைக் குறிக்கும் ப்டெரோன் என்ற சொல்லிலிருந்தே வந்தது. டெரிடோஃபைட் என்ற அறிவியல் பெயர் அதன் வழிவந்தது.

பொருளும் செடிக்குப் பொருந்துகிறது. பன்னத்தில் பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை, எல்லாம் இலைதான். விதைக்குப் பதிலாக இதற்கு இருப்பது வித்தி, அதாவது ஸ்போர் எனும் நுண்துகள். இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை வித்திப்பைகளின் கூட்டங்கள். வித்தி ஈரமண்ணில் விழுந்தால் நேராகப் பன்னமாகிவிடாது. முதலில் நகக்கண் அளவே உள்ள, பெரும்பாலும் இதய வடிவான பச்சைத் தகடு ஒன்று முளைக்கும். ஆணணு நீரில் நீந்திப் போய் முட்டையைச் சேர்ந்த பிறகே அதிலிருந்து நாம் பார்க்கும் செடி எழும். மழை ஓயாத பெபூரில் பன்னங்கள் இவ்வளவு செழிப்பது இதனால்தான்.

தனித்தனிப் பன்னங்களுக்குத் தமிழர் முன்பே பெயர் வைத்திருக்கிறார்கள். நான்கு சிற்றிலை கொண்ட ஆரைக்கீரை ஒரு பன்னம். கொல்லிமலையில் சூப்பு வைக்கும் முடவாட்டுக்கால் இன்னொன்று.

விதையில்லாக் கலன்தாவரம் என்பது இன்னும் அகன்ற தொகுப்பு. கலன் என்பது நீரையும் உணவையும் கடத்தும் குழாய்த்திசு. இத்தொகுப்பில் பன்னங்களோடு லைகோபோடியம், செலாஜினெல்லா போன்ற செடிகளும் அடங்கும். ஆனால் மரபணு ஆய்வுகளின்படி பன்னங்களுக்கு நெருங்கிய உறவு விதைத்தாவரங்களே, லைகோபோடியமும் செலாஜினெல்லாவும் தனிக்கிளை. ஆகவே இவ்விரண்டையும் பன்னம் என்று எழுத வேண்டாம். குதிரைவால் என்னும் எக்விசீட்டத்தைத் தாராளமாக எழுதலாம், அது பன்னக்கிளையைச் சேர்ந்ததுதான்.