பலகையைக் கழற்றிய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள்

ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் எங்களுக்கு ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். ‘குடும்ப ஆலோசனை மையம்’ என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு இரண்டு மாதம் ஈ ஓட்டினோம். “இங்க நுழைஞ்சா வீட்டுல என்னமோ பிரச்சினைன்னு தெருவே பேசும் மேடம்” என்று ஓர் அம்மா சொன்ன அன்றே பலகையைக் கழற்றினேன். சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு என்று மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தோம். நாற்காலி பற்றவில்லை.

வருமானச் சான்றிதழுக்காக ஒருவர் மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை, காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தபடியே, “பையன் ராத்திரி தூங்கறதில்லைங்க. அவங்கப்பா வர்ற சத்தம் கேட்குதான்னு உட்கார்ந்தே இருக்கான்” என்றார். வகுப்பில் அவனுக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர்.

வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான சகி ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் இருக்கின்றன. உதவிக்குக் கூப்பிடப் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற தொலைபேசி எண்கள் உண்டு. எல்லாம் வேண்டும்தான். ஆனால் கூலி வேலைக்குப் போகிற பெண் ஒருநாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போவது நிலைமை கைமீறிய பிறகுதான். பிள்ளையைக் கூட்டிப்போகப் பள்ளி வாசலுக்கோ தினமும் வருகிறார்.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். திங்கட்கிழமை உப்புமாவை எந்தப் பிள்ளை மறுபடி மறுபடி கேட்கிறது, அதாவது எந்த வீட்டில் சனி, ஞாயிறு அடுப்பு சரியாக எரியவில்லை என்பது முதலில் அவர்களுக்குத்தான் தெரிகிறது. எனக்கு வரும் தகவலில் பாதி அந்த அடுப்படியிலிருந்துதான்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். இடம் கேட்க, ஆள் கேட்க அதுதான் சரியான சபை. ஆனால் எல்லாரும் அதே தெருக்காரர்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றி அங்கே பேசலாம், ஒரு வீட்டுக் கதையை எடுக்கவே கூடாது. என்னிடம் சொன்னது வெளியே போகாது என்பதற்கு ஒரேயொரு விலக்கு: குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். வருகிறவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் 1990 கல்விச் சீர்திருத்தச் சட்டத்திலேயே ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்குக் குடும்பங்களுக்கு உதவும் ‘குடும்ப வள மையங்களை’ எழுதிவைத்தது. இந்த வேலையைப் பார்க்கவென்றே ஒருங்கிணைப்பாளரும் உண்டு. நம் ஊரில் இதையும் எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் விவரம் ஏற்றுவதிலேயே மூழ்கிக் கிடக்கும் டீச்சர் தலையில்தான் கட்டுவார்கள். புதுக் கட்டடம் வேண்டாம். சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார, வருடா வருடம் மாறாத ஓர் ஆளும் அவருக்குச் சம்பளமும் போதும். அறைக் கதவு மட்டும் தலைமையாசிரியர் அறையைப் பார்த்தபடி இருக்க வேண்டாம்.

போன வாரம் அந்தப் பையனின் அப்பா வந்தார். ரேஷன் கார்டில் பெயர் திருத்தணுமாம். எழுதிக் கொடுத்தேன். வேறெதுவும் கேட்கவில்லை.