துப்பாக்கிக் கட்டையின் பளபளப்பை எடுக்கப் போகிறீர்களா? உப்புத்தாள் கடைசியில்தான்

மரச் சாமான்களில் பழைய பூச்சை எடுத்துப் புதுசு ஏற்றுவது என் தொழில். துப்பாக்கிக் கட்டைகளும், அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பாகங்களும், வரும். அவற்றில் பல, சொந்தக்காரரே பளபளப்பை எடுக்கப் பார்த்துப் பாதியில் நிறுத்தியவை. பூச்சு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், கெட்டுப்போயிருப்பது மரம். காரணம், எடுத்த எடுப்பில் உப்புத்தாளைக் கையில் எடுத்ததுதான்.

பளபளப்பு வேண்டாம் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. வெயிலில் கட்டை மின்னினால் வேட்டைக்காரர் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வதும் கடினம். ஆனால் ஆலையில் போடும் பூச்சு லேசுப்பட்டது அல்ல. ரெமிங்டன் நிறுவனம் ஒரு காலத்தில் தன் ரைபிள்களுக்குப் பூசிய ஆர்.கே.டபிள்யூ. பூச்சு, பவுலிங் ஆட்டத்தில் பந்து மோதி விழும் முளைகளுக்குப் பூசுகிற இனம். அடியில் இருக்கும் வால்நட் மரமோ அதைவிட மென்மையானது. பூச்சு தேயும்வரை உப்புத்தாளை அழுத்தினால், அது விட்டுப்போன இடங்களில் எல்லாம் மரம் குழிந்துபோகும்.

இரும்பும் மரமும் சேரும் விளிம்பில்தான் நஷ்டம் அதிகம். அங்கே மரம் இரும்பைவிட முடி அளவு உயர்ந்து நிற்கும்படி விட்டிருப்பார்கள். அதைத் தேய்த்துவிட்டால் மரம் இரும்புக்குக் கீழே இறங்கிவிடும். போன மரத்தை யாராலும் திரும்பக் கொடுக்க முடியாது. கன்னம் படும் மேட்டின் கூர்மை மழுங்குவதும், கைப்பிடியின் சதுரக் கோடுகள் அழிவதும் இப்படித்தான். பழைய ராணுவத் துப்பாக்கி என்றால் கட்டையில் ஆய்வு முத்திரைகள் இருக்கும். அவற்றைத் தேய்த்தால் துப்பாக்கியின் மதிப்பும் சேர்ந்தே போய்விடும். அப்படிப்பட்ட கட்டையில் கை வைக்காதீர்கள்.

சரி, எப்படி எடுப்பது? முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்புறம் இரும்புப் பாகங்கள், பின்பக்க ரப்பர், வார்வளையம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பூச்சு எந்த வகை என்று தெரிய, ரப்பர் மறைத்திருந்த ஓரத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. அசையாவிட்டால் தின்னர் தொட்டுப் பாருங்கள். அதில் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாதது பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை. அதற்குப் பூச்சை இளக்கி உரிக்கும் ரசாயனமான ரிமூவர்தான் வேண்டும்.

ரிமூவர் வாங்கும்போது டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மெத்திலின் குளோரைடு இருந்தால் வேண்டாம். அது நாற்பது டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் கீழே தேங்கி நிற்கும். மூச்சில் போனால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, குளியல் தொட்டிகளின் பூச்சை இதை வைத்து உரித்தவர்களில் குறைந்தது 13 பேர் இறந்தார்கள். 2019-இல் அந்த நாடு, பொதுமக்களுக்கு விற்கும் பெயிண்ட் ரிமூவரில் இதைத் தடை செய்தது. முகமூடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரண கரி வடிகட்டி இதற்குச் சீக்கிரமே தோற்றுவிடும், மெல்லிய நைட்ரில் கையுறையையும் இது கடந்துவிடும். பென்சைல் ஆல்கஹால் கலந்தவை மெதுவாக வேலை செய்யும், ஆனால் இந்த அளவு ஆபத்து இல்லை. அதற்கும் வெளியில், காற்றோட்டத்தில், கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்துதான் உட்கார வேண்டும்.

ரிமூவரைத் தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி விட்டுவிடுங்கள். எத்தனை மணி நேரம் என்பது டப்பாவைப் பொறுத்தது. பூச்சு சுருங்கி எழும்பியதும் பிளாஸ்டிக் தகட்டால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே வழித்தெடுங்கள். வரவில்லையா, அழுத்தாதீர்கள், இன்னொரு தடவை பூசுங்கள். கோடு வெட்டிய இடங்களுக்கு நைலான் பல் துலக்கும் பிரஷ் போதும். முன்முனையிலும் நடுவிலும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளையும், உள்ளே இரும்பு உட்காரும் இடத்தில் எபாக்ஸி என்ற கெட்டியாக உறையும் பசை இருந்தால் அதையும் டேப் போட்டு மறைத்துவிடுங்கள். ரிமூவர் பட்டால் அவையும் இளகும். ஹீட் கன் வைத்து உருக்குகிறவர்கள் உண்டு. மரம் கருகாமல் அதைச் செய்யும் கைப்பழக்கம் வர நாளாகும், எபாக்ஸிக்கும் சூடு ஆகாது.

இப்போதுதான் உப்புத்தாளின் முறை. கட்டியான பிளாக்கில் சுற்றி, 220-ஆம் நம்பரில் லேசாக. விளிம்பின் பக்கம் போகாதீர்கள். இழைத்தூசிக்குத் தூசி முகமூடி அவசியம். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இரும்புக் கம்பளியையும் ஒதுக்குங்கள். அதன் துணுக்குகள் மரத்தில் சிக்கினால், ஈரம் பட்டவுடன் வால்நட்டில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருநீலக் கறை விழும்.

பிறகு எண்ணெய் பாலிஷ். மெல்லிசாக ஏற்றுங்கள்; ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கட்டையின் உட்புறத்தையும் ரப்பர் மூடும் முனையையும் விட்டுவிடாதீர்கள். ஈரம் அதிகம் ஏறுவது அந்த முனை வழியாகத்தான். கட்டை முறுக்கினால் குறி தப்பும்.

லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடவே கூடாது. எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்ததும், 3 தீயணைப்பு வீரர்கள் இறந்ததும் இப்படிப்பட்ட துணிகளால்தான். வேலை முடிந்ததும் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியில் விரித்துக் காயவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.