ஐசோலேஷனிசம்: எதிலிருந்து ஒதுங்குவது?

உலக வரலாற்று விடைத்தாள்களில் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: "முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா ஐசோலேஷனிசக் கொள்கையைக் கடைப்பிடித்து உலக விவகாரங்களிலிருந்து விலகி நின்றது." எழுதுகிறவர்கள் குடிமைப் பணித் தேர்வுக்கு என்னிடம் படிக்க வருகிறவர்கள். இதற்குப் பாதி மதிப்பெண்தான் போடுவேன். பத்திரிகைத் தலையங்கங்களிலும் இதே வாக்கியத்தைப் பார்க்கிறேன். அங்கே மதிப்பெண் போட ஆளில்லை.

விலகி நின்றதாகச் சொல்லப்படும் நாடு அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? 1921-22இல் வல்லரசுகளை வாஷிங்டனுக்கு அழைத்து, யார் எவ்வளவு போர்க்கப்பல் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் பேசியது. ஜெர்மனியின் போர் இழப்பீட்டுச் சிக்கலுக்கு 1924இல் வழி சொன்ன டாஸ் திட்டம் அமெரிக்கக் கடன் பணத்தை நம்பித்தான் ஓடியது. கரீபியன் நாடான ஹைட்டியில் 1915 முதல் 1934 வரை அமெரிக்க மரைன் படை உட்கார்ந்திருந்தது. ஹைட்டிக்காரரிடம் போய் அமெரிக்கா உலகத்தை விட்டு ஒதுங்கிய காலம் அது என்று சொன்னால் சிரிப்பார்.

ஊரெல்லாம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டு, ஜாமீன் கையெழுத்து மட்டும் யாருக்கும் போடாதவர்கள் உண்டல்லவா? அமெரிக்க ஐசோலேஷனிசம் ஏறக்குறைய அந்த ரகம். வியாபாரம் உண்டு, கடன் உண்டு, தன் வட்டாரத்தில் படை அனுப்புவதும் உண்டு. ஐரோப்பாவில் சண்டை வந்தால் கட்டாயம் வருவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது மட்டும் இல்லை.

இந்தத் தயக்கம் பழையது. அதிபர் பதவியிலிருந்து விடைபெறும்போது 1796இல் ஜார்ஜ் வாஷிங்டன் வெளியிட்ட பிரிவுரை, நிரந்தரக் கூட்டணிகள் வேண்டாம் என்றது. அவசரத்துக்குத் தற்காலிகக் கூட்டணி வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே உரை சொல்கிறது. சிக்கவைக்கும் கூட்டணிகள் என்ற புகழ்பெற்ற சொல்லாட்சி அவருடையது அல்ல, 1801இல் ஜெஃபர்சன் அதிபராகப் பதவியேற்றபோது சொன்னது. இருவரையும் மாற்றி எழுதாத விடைத்தாள் அபூர்வம்.

இந்தத் தயக்கம் எங்கே வெளிப்பட்டது என்று பார்க்க, முதல் உலகப் போருக்குப் பிந்தைய அமைதி ஒப்பந்தமான வெர்சேல்ஸ் உடன்படிக்கை அமெரிக்க செனட் சபையில் தோற்ற கதையைத்தான் வகுப்பில் எடுப்பேன். சண்டை முழுக்க ஒரு பிரிவைச் சுற்றித்தான். ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் அதன் எல்லையைக் காக்க மற்றவர்கள் கடமைப்பட்டவர்கள் என்றது பத்தாவது பிரிவு. அமெரிக்கப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் முடிவை எங்கள் நாடாளுமன்றமான காங்கிரஸ் அல்லாமல் வேறு யாரும் எடுக்கக் கூடாது என்றார் செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜ். அவர் உலகத்தை வெறுத்தவர் இல்லை, வலுவான கடற்படை வேண்டும் என்று பேசியவர். அதிபர் வில்சன் ஒரு வரியையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1920 மார்ச்சில் ஆதரவாக 49, எதிராக 35. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்கு குறைந்தது.

முப்பதுகளில் இந்த மனநிலை சட்டமாகவே ஆனது. முதல் போரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள். பலன் பீரங்கி வியாபாரிகளுக்கும் வங்கிகளுக்கும்தான் என்ற சந்தேகத்தை 1934இல் தொடங்கிய செனட்டின் நை குழு விசாரணை ஊதிப் பெரிதாக்கியது. 1935 நடுநிலைச் சட்டம், போரிடும் இரு தரப்புக்கும் ஆயுதம் விற்கத் தடை போட்டது. அடுத்த ஆண்டு கடன் கொடுக்கவும் தடை வந்தது.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தடை ஆயுதத்துக்குத்தான், எண்ணெய்க்கு இல்லை. அதே 1935இல் இத்தாலியின் முசோலினி எத்தியோப்பியாவுக்குள் புகுந்தார். எத்தியோப்பியாவுக்கு அமெரிக்கத் துப்பாக்கி கிடைக்கவில்லை. இத்தாலிய லாரிகளுக்கும் விமானங்களுக்கும் பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. விற்காதீர்கள் என்று அதிபர் ரூஸ்வெல்ட் வாய்வார்த்தையாகக் கேட்டுப் பார்த்தார். ஏற்றுமதி கூடியதே தவிரக் குறையவில்லை. 1937இல் ஜப்பான் சீனாவுக்குள் இறங்கியபோது முறையான போர் அறிவிப்பு இல்லை என்ற காரணத்தால் அந்தச் சட்டத்தை அவர் தொடவே இல்லை. சட்டம் பாய்ந்திருந்தால் ஆயுதம் வாங்க முடியாமல் அதிகம் அடிபட்டிருப்பது சீனாதான். ஜப்பானுக்கு அமெரிக்க எண்ணெய் 1941 வரை போய்க்கொண்டிருந்தது. நடுநிலை என்று பெயர் வைத்துவிட்டால் விளைவும் நடுநிலையாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

இன்னொரு விஷயம். அமெரிக்கா போரில் சேரக் கூடாது என்ற முகாமில் இருந்தவர்கள் பலர் ஐசோலேஷனிஸ்ட் என்ற பட்டத்தை ஏற்கவே இல்லை. எதிரிகள் ஒட்டிய லேபிள் அது என்றார்கள். முகாமும் ஒரே நிறம் கிடையாது. சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸ் இருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானுக்கு எதிரான போர்த் தீர்மானத்துக்கு ஒற்றை ஆளாக எதிர்வாக்குப் போட்ட காங்கிரஸ் உறுப்பினர் ஜெனட் ரான்கின் அம்மையார் இருந்தார். விமானி லிண்ட்பெர்க்கும் இருந்தார். அவர் அதே ஆண்டு செப்டம்பரில் டெமோயின் நகரில் யூதர்கள் நாட்டைப் போருக்குத் தள்ளுகிறார்கள் என்று பேசி நாடெங்கும் கண்டனம் வாங்கினார். மூவரையும் ஒரே சொல்லால் கட்டி வைத்தால் யாரைப் பற்றியும் எதுவும் சொன்னதாக ஆகாது.

சரி, இப்போதைய செய்திகளுக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடு ஆனது, திருப்பூர் பின்னலாடைக்காரர்கள் தவித்தார்கள். உடனே 'அமெரிக்கா மீண்டும் ஐசோலேஷனிசம்' என்ற விளக்கம் கிளம்பியது. வரி போடுவது உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் காப்புக் கொள்கை, அது வேறு சமாச்சாரம். இதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதே அரசு ஈரானின் ஃபோர்டோ அணு நிலையத்தில் குண்டு போட்டது. ஒதுங்குகிறவர் செய்கிற வேலையா அது?

அதேபோல நேருவின் அணிசேராக் கொள்கையையும் இதில் சேர்க்கிறார்கள். இரண்டு முகாமிலும் சேராத இந்தியாதான் கொரியப் போர்க் கைதிகள் பிரச்சினையைத் தீர்க்க 1953இல் ராணுவத் தளபதி திம்மையா தலைமையில் ஆட்களை அனுப்பியது, பிறகு காங்கோவுக்கும் ஐ.நா. படையில் வீரர்களைக் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவை நிறவெறிக்காக மற்ற நாடுகள் ஒதுக்கி வைத்ததும் இந்தக் கணக்கில் வராது. ஒதுக்கப்படுவது வேறு, ஒதுங்குவது வேறு.

கதவடைத்த நாடு என்று உதாரணம் காட்டப்படும் பழைய ஜப்பான்கூட முழுக்க அடைக்கவில்லை. நாகசாகியின் தெஜிமா தீவில் டச்சு வணிகர்கள் இருந்தார்கள், சீனக் கப்பல்கள் வந்தன. சோழமண்டலக் கரையின் கோடு போட்ட பருத்தித் துணி, நம்ம சாந்தோமின் பெயரால் 'சாந்தோமே' என்றே அங்கே விலைபோனது.

ஆகவே இந்தச் சொல்லை எழுதும்போது எந்த ஆண்டு, எதிலிருந்து ஒதுங்கல் என்று பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: ராணுவக் கூட்டணியா, வர்த்தகமா, குடியேற்றமா? இவை ஒன்றாக நகர்வதில்லை. இந்தியர் 'வெள்ளையர்' அல்ல, குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. 1924 சட்டம் ஆசியர் குடியேற்றத்தையே ஏறக்குறைய நிறுத்தியது. 1945இல் ஐ.நா.வை முன்நின்று உருவாக்கியபோதும் இந்தத் தடை நீடித்தது. இந்தியர்களுக்கு 1946இல்தான் தளர்ந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீட்டோடு.