நைஜரின் நிலத்தடிக் காடு

"ஒரு மரக்கன்றுகூட நடாமல் நைஜரில் 20 கோடி மரம் வளர்ந்ததாகப் படித்தேன். இது எப்படி முடியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடிந்தது, நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், மராடி, ஜிந்தர் ஆகிய தென்பகுதிகளில், 1980-களின் நடுவில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குள் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்கள் எழுந்து நின்றன. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். பழைய வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் போட்ட மதிப்பீடு இது.

சீமைக்கருவேலத்தை வெட்டி ஓய்ந்தவர்களுக்குப் பாதிப் பதில் முன்பே தெரியும். தரையோடு வெட்டினாலும் அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை முளைத்து நிற்கும். கரும்பை வெட்டிய கட்டையிலிருந்தே மறுதாம்புப் பயிர் விடுகிறோமே, அதுவும் இதே சங்கதிதான். மேலே வெட்டியது தண்டை மட்டும். வேர் செத்துப்போகவில்லை.

மராடியில் ஆண்டுக்கு 400 முதல் 600 மில்லிமீட்டர் மழைதான், அதுவும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள். 1970-களின் கடும் வறட்சிக்குப் பிறகு அங்கே அரசும் உதவி நிறுவனங்களும் நாற்றங்கால் போட்டு லட்சக்கணக்கில் கன்றுகள் நட்டன. பெரும்பாலானவை பட்டுப்போயின. பாலித்தீன் பையில் வளர்ந்த கன்றின் வேர் ஒரு சாண் நீளம். மழை நின்றதும் மேல்மண் ஈரம் ஒரு மாதத்தில் ஓடிவிடும். மிச்சத்தை ஆடும் மணற்காற்றும் பார்த்துக்கொள்ளும். அங்கே வேலை செய்த ஆஸ்திரேலிய வேளாண் அறிஞர் டோனி ரினாடோ, 1983-ல் மணலில் ஓட்டுவதற்காக வண்டியை நிறுத்தி டயரின் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, வயலில் கிடந்த ஒரு புதரின் இலையை உற்றுப் பார்த்தார். அது புதர் இல்லை, ஆண்டுதோறும் வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்த ஒரு மரம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அதே போல் ஆயிரக்கணக்கான கட்டைகள் தரைக்கடியில் உயிரோடு இருந்தன.

நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் கீழ்மொட்டுகளை உறங்க வைத்திருக்கும் என்பது பள்ளிப்பாடம். தண்டை வெட்டினால் ஆக்சின் நின்றுவிடுகிறது. பட்டைக்கடியில் உறங்கிய மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. வேரில் சேமித்த மாவுச்சத்து அவற்றுக்குத் தீனி. ஆனால் இருபது முப்பது கிளைகள் ஒன்றோடொன்று போட்டி போடுவதால் எதுவும் உயரமாகாது. முழங்கால் உயரப் புதராகவே இருந்து, அடுத்த விதைப்புக்கு முன் மறுபடியும் வெட்டுப்படும், எரிபடும். முழு வளர்ச்சி கண்ட மரத்தின் வேர், விதைத்து ஒரு மாதமான செடியின் தண்டு: இதுதான் அந்தப் புதர். கிளைகளில் நாலைந்தை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட்டால் அந்த வேரின் நீரும் சத்தும் முழுவதும் அவற்றுக்கே போய்ச் சேரும். இரண்டு மழைக்காலத்தில் ஆளுயரத்தைத் தாண்டிவிடும்.

வேலை எளிது, ஆனால் கை பழக வேண்டும். கோடையில், விதைப்புக்கு முன், வயலில் உள்ள உயிர்க்கட்டைகளைப் பார்த்து எவற்றை வளர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். ஹெக்டேருக்கு 40 மரம் என்பது ஆரம்பத்தில் சொன்ன கணக்கு. பலர் அதைவிடக் கூடுதலாகவே விடுகிறார்கள். ஒரு கட்டையில் நேராகவும் தடித்தும் இருக்கும் 3 முதல் 5 கிளைகள் போதும். தரையை ஒட்டி, முடிந்தால் மண்ணுக்குள்ளிருந்தே கிளம்பிய கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டையின் மேல்விளிம்பில் முளைத்தது பட்டையோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். தடிக்கத் தடிக்க எடை கூடி, ஒரு பலத்த காற்றில் பட்டையோடு பிய்ந்து விழுந்துவிடும். மற்ற கிளைகளை அடியோடு அறுத்துவிட்டு, விட்ட கிளைகளில் பாதி உயரம் வரை பக்கக் கொம்புகளைக் கவாத்து செய்ய வேண்டும். வெட்டுக்கத்தி கூராக இருக்கட்டும், வீச்சு கீழிருந்து மேலாக இருக்கட்டும். மேலிருந்து வெட்டினால் கொம்பு சாயும்போது கீழே ஒரு முழம் பட்டை உரிந்துகொண்டு வரும். அந்தக் காயத்தின் வழியாகத்தான் பூஞ்சையும் கறையானும் நுழைகின்றன.

பாதி உயரத்துக்கு மேல் கழிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. வயலில் நிழல் விழக்கூடாது என்ற அவசரத்தில் உச்சியில் மட்டும் குடுமி போல் இலையை விடுவார்கள். தண்டு தடிக்காமல் ஒல்லியாக நீண்டு காற்றில் வளைந்துவிடும். முதல் ஆண்டே ஒற்றைத் தண்டாக்குவது இன்னொரு தவறு. அந்த ஒன்றை ஆடு கடித்தால் எல்லாம் போயிற்று. நாலைந்து இருந்தால் ஆண்டுக்கு ஒன்றாக வெட்டி விறகாகவோ கூரைக்கம்பாகவோ எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் ஒரு புதுத் துளிரை விட்டுக்கொள்ளலாம். மூன்றாவது, துளிர் விரியும் நேரத்தில் வெட்டுவது. அப்போதுதான் வேரின் மாவுச்சத்து மிகவும் குறைந்திருக்கும். திரும்பத் திரும்ப அந்த நேரத்தில் வெட்டினால் கட்டையே செத்துவிடும். வெட்டிய தழையை வயலிலேயே பரப்புவது மூடாக்கு. கறையான் வந்து தின்னும், தின்னட்டும். அது தோண்டும் துளைகள் வழியாகத்தான் இறுகிப்போன மண்ணில் மழைநீர் இறங்குகிறது. பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை வந்து புதிதாகக் கிளம்பும் துளிர்களைத் தட்டிவிட வேண்டும். விட்டால் ஓராண்டில் மறுபடி புதர்.

மரம் பயிரோடு தண்ணீருக்குச் சண்டை போடாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது.

மராடி வயல்களில் நிறையக் காண்பது இரண்டு இனங்கள். அங்கே பேசும் ஹவுசா மொழியில் 'சபாரா' என்பது கியேரா செனகலென்சிஸ். நம் மருதம், கடுக்காய், தான்றி இவற்றின் குடும்பம். 'கல்கோ' என்பது பிலியோஸ்டிக்மா ரெட்டிகுலேட்டம். நம் ஆத்திக்குப் பங்காளி, அதே இரட்டை மடல் இலை. இரண்டின் வேரும் பல மீட்டர் ஆழம் இறங்கும், மேல்மண்ணிலும் பக்கவாட்டில் விரியும். பகலில் இலைத்துளைகள் திறந்திருக்கின்றன, நீராவிப்போக்கு நடக்கிறது, வேர் ஆழத்து ஈரத்தை இழுத்து மேலே அனுப்புகிறது. இதுவரை புதிது ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. மேல்நோக்கிய இழுவை நிற்கிறது. ஆனால் வேர் என்பது இரு முனையும் திறந்த ஒரு குழாய்த்தொகுதி. ஒரு முனை ஈரமான அடிமண்ணில், இன்னொரு முனை காய்ந்துபோன மேல்மண்ணில். நீர் எப்போதும் ஈரத்திலிருந்து வறட்சியை நோக்கியே நகரும். ஆகவே அடிமண் நீர் வேருக்குள் ஏறி, மேல்மண்ணில் பரவிய சன்ன வேர்களின் வழியாக வெளியே கசிகிறது. இறைக்க இயந்திரம் இல்லை, செடி இதற்கென்று சக்தியும் செலவழிப்பதில்லை. இரவெல்லாம் ஓசையில்லாமல் ஒரு நீரேற்றம் நடக்கிறது. விடிந்தபோது புதரைச் சுற்றிய மண் முந்தைய மாலையைவிடக் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது.

அந்த ஈரத்தைப் பக்கத்துப் பயிர் குடிக்கிறதா? செனகலில் செய்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. சபாராவையும் கம்பு தானியப்பயிரையும் சேர்த்து வளர்த்து, பாசனத்தை நிறுத்தி வறட்சியை உண்டாக்கினார்கள். பிறகு சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் சபாராவின் வேருக்கு டியூட்டீரியம் கலந்த நீரைக் கொடுத்தார்கள். டியூட்டீரியம் என்பது எடை கூடிய ஹைட்ரஜன். நீருக்குக் குத்திய முத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்களுக்குள் அந்த முத்திரை பக்கத்துக் கம்பம்பயிரின் உடலில் கிடைத்தது. புதர் மேலே கொண்டுவந்த நீரைக் கம்பு குடித்திருக்கிறது. அளவு பெரிதல்ல, கிணற்றுப் பாசனத்துக்கு ஈடாகாது. ஆனால் சஹாராவின் தெற்கு ஓரத்து வறண்ட பட்டையான சாஹேலில் பயிர் சாவது மொத்த மழை குறைவதால் மட்டுமல்ல, நடுவில் இரண்டு வாரம் மழை பொய்ப்பதால்தான். அந்த இரண்டு வாரத்தைத் தாண்ட இந்தக் கசிவு கைகொடுக்கிறது. கம்பு பிறந்த மண்ணே அந்தச் சாஹேல்தான். அங்கிருந்துதான் அது இந்தியாவுக்கு வந்தது.

ஜிந்தரில் அதிகம் நிற்பது 'காவோ' மரம். இது மழைக்காலத்தில் இலை உதிர்த்து, கோடையில் தழைக்கும். பயிர் நிற்கும்போது நிழலும் இல்லை, நீர்ப்போட்டியும் குறைவு. உதிர்ந்த இலை தழைச்சத்தாகிறது, கோடையில் காய் கால்நடைக்குத் தீவனமாகிறது.

இவ்வளவு நன்மை இருந்தும் உழவர்கள் ஏன் ஆண்டாண்டாக வெட்டினார்கள்? பிரெஞ்சு ஆட்சிக்காலச் சட்டப்படி மரம் அரசுச் சொத்து. தன் வயலில் நிற்கும் மரத்தில் கிளை வெட்டினாலும் வனக்காவலர் அபராதம் போடுவார். ஆகவே துளிராக இருக்கும்போதே களைந்துவிடுவதுதான் புத்திசாலித்தனமாக இருந்தது. அதோடு வேளாண் துறையினரும் 'மரம் இல்லாத வயலே நல்ல வயல்' என்று கற்றுக்கொடுத்தார்கள். மூடநம்பிக்கை என்றால் நாம் பேய், திருஷ்டி என்றுதான் நினைக்கிறோம். பாடப்புத்தகத்தில் ஏறி, பயிற்சி வகுப்பில் ஓதப்பட்ட இதுவும் மூடநம்பிக்கைதான். இது பறித்த சோறு அதிகம்.

1984 பஞ்சத்தின்போது மராடியில் வேலைக்குக் கூலியாகத் தானியம் தரும் திட்டத்தோடு மரம் வளர்ப்பதையும் நிபந்தனையாக்கினார்கள். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் மரங்கள் எழுந்தன. தானியம் கொடுப்பது நின்றதும் மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிட்டார்கள். ஆனால் மிச்சம் வைத்தவர்களின் வயலை மற்றவர்கள் கவனித்தார்கள். அகியே பகுதியில் டான் சாகா என்ற ஊரில் சொல்லும் கதை வேறு. கூலிவேலைக்கு வெளியூர் போன இளைஞர்கள் மழை தொடங்கிய பிறகே திரும்பினார்கள், வயலைச் சுத்தம் செய்ய நேரமில்லாமல் புதர்களுக்கு நடுவிலேயே விதைத்தார்கள். அறுவடையில் அவர்களுக்கே கூடுதலாகக் கிடைத்தது. வனக்காவலர்களின் கெடுபிடியும் மெல்லத் தளர்ந்து, வளர்த்தவருக்கே மரம் என்ற எண்ணம் வேரூன்றிய பிறகு பரவிய வேகத்தை யாரும் திட்டமிடவில்லை. நைஜர் அரசு இதற்கென்று தனி ஆணை பிறப்பித்தது 2020-ல்தான்.

உரிமை வந்தால் காவலும் வேண்டும், ஏனென்றால் முதலில் வளர்த்தவர்களின் மரங்கள் இரவோடு இரவாகத் திருடு போயின. பல ஊர்களில் குழு அமைத்தார்கள். யார் எப்போது வெட்டலாம், திருடினால் என்ன தண்டம், எந்த மாதத்தில் மந்தை வரலாம் என்றெல்லாம் விதி வகுத்தார்கள். குழுவில் ஃபுலானி மேய்ப்பர்கள் இல்லாத ஊரில் விதி நிற்காது. கோடையில் மந்தையோடு வயலில் இருப்பவர்கள் அவர்கள்தான். பெண்கள் இல்லாவிட்டாலும் நிற்காது, விறகு எடுப்பவர்கள் அவர்கள். மரங்கள் வந்த ஊர்களில் விறகுக்கு நாளுக்கு இரண்டரை மணி நேரம் அலைந்தது அரை மணி நேரமாகக் குறைந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மணற்காற்று இளம்பயிரை மூடி மூன்று நான்கு முறை விதைத்தது போய், ஒரே விதைப்பில் பயிர் நிற்கிறது. கூடுதல் தானியம் ஆண்டுக்கு சுமார் ஐந்து லட்சம் டன் என்பது மதிப்பீடு.

பொதுநிலத்திலும் இது நடக்கும். எத்தியோப்பியாவின் ஹும்போ மலைச்சரிவில் 2006-ல் ஏழு கூட்டுறவுச் சங்கங்கள் 2,728 ஹெக்டேரை எடுத்துக்கொண்டன. மேய்ச்சலை அடைத்து, கட்டைகளைக் கவாத்து செய்ததிலேயே பெரும்பகுதி காடாகிவிட்டது. நாற்று நட்டது வெறும் தரையாகிப்போன இடங்களில் மட்டும்.

இன்றும் மரம் வளர்ப்புக்கான பணத்தில் பெரும்பங்கு நாற்றங்காலுக்குப் போகிறது. நட்ட கன்றை எண்ணிக் கணக்குக் காட்டலாம், படம் எடுக்கலாம் என்பதுதான் காரணம். ஐந்தாம் ஆண்டில் எத்தனை மரம் நிற்கிறது என்று எண்ணுவதற்கும், எந்த இனம் எவ்வளவு ஆழத்து நீரை ஏற்றுகிறது என்று அளப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். சபாராவுக்குச் செய்த சோதனையைச் செய்யாத உள்ளூர் இனங்கள் இன்னும் ஏராளம்.

கட்டையே இல்லாத நிலத்தில் என்ன செய்வது? டிராக்டர் ஆழ உழுது வேரோடு பிடுங்கிய வயலில் கவாத்துக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அங்கே வேலையைக் கால்நடைகள் தொடங்கி வைக்கின்றன. காவோ காயை மாடும் ஆடும் விரும்பித் தின்னும். விதையின் கெட்டியான தோல் குடலில் இளகி, சாணத்தோடு வயலில் விழும். முதல் மழைக்கு முளைக்கும் கன்று இரண்டு இலையோடு புல்லுக்குள் ஒளிந்திருக்கும். களைக்கொத்தில் அடிபடாமல் இருக்க, பார்த்த அன்றே அதன் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, துணிக்கிழிசல் ஒன்றைக் கட்டிவிட வேண்டும்.