ஒயிட்வாஷிங்: 'வெள்ளையடித்தல்' சரியான தமிழா?

மூலக்கதையில் ஆசியராகவோ கறுப்பினத்தவராகவோ லத்தீன் அமெரிக்கராகவோ படைக்கப்பட்ட ஒரு பாத்திரத்தைப் படமாக்கும்போது வெள்ளையர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதை ஆங்கிலத்தில் 'ஒயிட்வாஷிங்' என்கிறார்கள். சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிய விவாதங்களில் இந்தச் சொல் அடிக்கடி எழக் காரணம் உண்டு. காமிக்ஸ் பாத்திரத்தின் பெயர், ஊர், இனம் எல்லாம் பல பத்தாண்டுகளாக அச்சில் இருக்கின்றன. திரையில் யாராவது அவற்றை மாற்றினால், பழைய இதழைப் புரட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

சொல்லின் பிறப்பு எளிமையானது. சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் பூசும் வேலைக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இந்தப் பெயர் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அது குற்றங்குறைகளை மறைப்பதையும் குறிக்கத் தொடங்கியது. அரசியலிலும் நிர்வாகத்திலும் நடந்த தவற்றை மூடி மறைக்கும் அறிக்கைகளுக்கு இன்றும் அதே சொல்தான். விளையாட்டுப் பக்கங்களில், ஒரு போட்டியில்கூட வெல்ல முடியாமல் தொடரை முழுவதுமாக இழப்பதற்கும் அதே பெயர். நடிகர் தேர்வு பற்றிய பொருள் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. 'ஒயிட்' என்பதற்கு வெண்ணிறம், வெள்ளை இனம் என்ற இரு பொருளும் இருப்பதால், நிறத்தைப் பூசுவதும் உண்மையை மறைப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

தமிழில் அப்படி அடங்கவில்லை. நமக்கு வெள்ளையடிப்பது பொங்கலுக்கு முன்பு வீட்டில் நடக்கும் மங்கலமான வேலை. அதில் வஞ்சகத்தின் சாயல் துளியும் இல்லை. மறைக்கும் பொருளுக்கு நம்மிடம் 'பூசி மெழுகுதல்' என்ற அருமையான தொடர் இருக்கிறது. 'அந்த வேடத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்' என்று ஒரு கட்டுரையில் படிப்பவர், நடிகரின் முகத்தில் பவுடர் பூசியதாகத்தான் நினைப்பார். 'வெளுத்தல்' இன்னும் மோசம். 'வெளுத்துக் கட்டினார்' என்றால் நன்றாக நடித்தார் என்ற பாராட்டாகிவிடும்.

பொருத்தமான சொல்லைத் தேடும் முன், நடந்த செயல் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். 2016இல் வெளிவந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்தையே எடுத்துக்கொள்ளலாம். நாயகனுக்கு மந்திர வித்தை கற்பிக்கும் 'ஏன்ஷியன்ட் ஒன்' என்ற குரு, 1963இல் தொடங்கிய படக்கதையில் (காமிக்ஸில்) திபெத்தைச் சேர்ந்த முதியவர். படத்தில் அந்தக் குரு ஐரோப்பாவின் கெல்டிய இனப் பெண் ஆனார். நடித்தவர் பிரிட்டனின் டில்டா ஸ்விண்டன். கதைக்களமும் திபெத்திலிருந்து நேபாளத்தின் காத்மாண்டுவுக்கு நகர்ந்தது. தாடி வைத்த மர்மமான கிழக்கத்திய ஞானி என்ற தேய்ந்துபோன வார்ப்பைத் தவிர்க்கவே இப்படிச் செய்தோம் என்பது படக்குழுவின் வாதம். திரைக்கதையாளர்களில் ஒருவரான சி. ராபர்ட் கார்கில் வேறொன்றையும் மறைக்காமல் சொன்னார்: குருவைத் திபெத்தியராகக் காட்டினால் சீனச் சந்தை கைவிட்டுப் போகும் அபாயம் இருந்தது. இந்த இரண்டாவது காரணம்தான் எனக்குக் கசக்கிறது. ஏற்கெனவே தன் நாட்டில் குரல் ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், டிக்கெட் விற்பனைக் கணக்கினால் கற்பனைக் கதையிலிருந்தும் வெளியேற்றப்பட்டது.

முதல் காரணத்தில் நியாயம் இருக்கிறது. அந்த வார்ப்பு ஆசியரை இழிவுபடுத்துவதுதான். ஆனால் வார்ப்பு பழுதென்றால் நல்ல திபெத்தியப் பாத்திரமாக அதைத் திருத்தி எழுதியிருக்கலாம். படத்தைத் தயாரித்த மார்வெல் ஸ்டுடியோஸ் நிறுவனத்தின் தலைவர் கெவின் ஃபைகி 2021இல் இதையே ஒப்புக்கொண்டார். வார்ப்புக்குள்ளும் விழாமல், அந்த வாய்ப்பை ஆசியரிடமிருந்து பறிக்காமலும் வேறு வழி கண்டிருக்க முடியும் என்றார்.

வேறு வழி உண்டு என்பதை ஒரு நடிகர் அதற்கு முன்பே செய்து காட்டியிருந்தார். 'ஹெல்பாய்' படத்தில் பென் டைமியோ என்ற ராணுவ அதிகாரியாக நடிக்க 2017 ஆகஸ்டில் பிரிட்டிஷ் நடிகர் எட் ஸ்க்ரைன் தேர்வானார். மூலக்கதையில் டைமியோ ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் என்று தெரிந்ததும் தானே விலகிக்கொண்டார். அந்த வேடம் கொரிய வம்சாவளி நடிகர் டேனியல் டே கிம்முக்குப் போனது.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு பழக்கம் ஹாலிவுட்டில் நெடுங்காலம் இருந்தது. பாத்திரம் ஆசியராகவே இருக்கும். ஒப்பனை போட்டு அதில் வெள்ளையர் நடிப்பார். 1937இல் வந்த 'தி குட் எர்த்' படத்தில் சீன விவசாயியும் அவர் மனைவியுமாக நடித்த பால் முனி, லூயிஸ் ரைனர் இருவரும் வெள்ளையர்கள். ரைனர் ஆஸ்கர் விருதும் பெற்றார். அப்போது புகழுடன் இருந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங் அந்த நாயகி வேடத்துக்கு ஏங்கியும் அது அவருக்குக் கிடைக்கவில்லை. இதைத் தமிழில் 'வேற்றின வேடம்' என்று தனியாகக் குறிக்கலாம். கூத்தும் நாடகமும் தந்த 'வேடம்' இங்கே அப்படியே பொருந்துகிறது. பாத்திரத்தின் இனத்தையே மாற்றிவிடும் செயலுக்கு இது பொருந்தாது.

அந்தச் செயலுக்கு நான் முன்வைப்பது 'வெள்ளையராக்கல்'. யாரை என்ன செய்தார்கள் என்பது சொல்லிலேயே தெரிகிறது. 'திபெத்தியக் குருவை வெள்ளையராக்கினார்கள்' என்று வினையாகவும் தடையின்றி வருகிறது. சிலர் எழுதும் 'வெள்ளைமயமாக்கல்' ஒரு சமூகமே வெள்ளையர் பண்பாட்டுக்கு மாறுவதைச் சொல்லும் அகன்ற சொல். ஒரு நடிகர் தேர்வைக் குறிக்க அது தேவையில்லை.

இதற்குப் பொதுவான தாய்ச்சொல் ஒன்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது: 'ரேஸ்பெண்டிங்'. அது பிறந்த கதை நமக்குச் சற்று நெருக்கமானது. நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றை வளைத்து ஆளும் மாந்தர்களைப் பற்றிய ஓர் அசைவூட்டத் தொடர், 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற பெயரில் 2010இல் படமானது. அதன் மாந்தர்கள் ஆசியப் பண்பாடுகளையும், ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பண்பாட்டையும் தழுவியவர்கள். படத்திலோ நாயகர் பக்கத்தில் நின்ற அண்ணன் தங்கை வெள்ளையர்கள். பகை நாட்டு இளவரசனோ இந்திய வம்சாவளி தேவ் பட்டேல். கொதித்தெழுந்த ரசிகர்கள் தொடரின் 'பெண்டிங்' (வளைத்தல்) என்ற சொல்லையே எடுத்து, இனத்தை வளைப்பதற்கு இந்தப் பெயரை உருவாக்கினார்கள். படத்தின் இயக்குநர் எம். நைட் ஷியாமளன், புதுச்சேரி ஒன்றியப் பகுதியான மாஹேயில் பிறந்தவர், தாய் தமிழர். இதற்குத் தமிழில் 'இனமாற்றத் தேர்வு' போதும்.

எதிர்த்திசையில் நடப்பதும் இனமாற்றத் தேர்வுதான். படக்கதையில் வெள்ளையராக இருந்த நிக் ஃப்யூரி, 2002இல் தொடங்கிய 'தி அல்டிமேட்ஸ்' இதழ்களில் சாமுவேல் எல். ஜாக்சனின் முகச்சாயலில் வரையப்பட்டார். 2008 முதல் திரையில் ஜாக்சனே நடித்தார். 2015இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தில் நெருப்பு மனிதன் ஜானி ஸ்டார்மாக மைக்கேல் பி. ஜோர்டன் நடித்தபோது வசைமழை பொழிந்தது. சிலர் இதை 'பிளாக்வாஷிங்' என்று அழைத்து, இரண்டும் சமம் என்று வாதிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஜானி ஸ்டார்ம் அறிமுகமான 1961இல் அமெரிக்கக் காமிக்ஸ் நாயகர்கள் ஏறக்குறைய எல்லாருமே வெள்ளையர்கள். முதல் பெரிய கறுப்பின சூப்பர் ஹீரோவான பிளாக் பாந்தர் 1966இல்தான் வந்தார். உடல் தீப்பற்றிப் பறக்கும் இளைஞனின் கதைக்கு அவன் தோல்நிறத்தால் ஆவது ஒன்றுமில்லை. பிளாக் பாந்தரோ வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசன்; அவன் ஆப்பிரிக்கர் என்பதை எடுத்துவிட்டால் கதையே இருக்காது. 2018இல் வந்த அந்த அரசனின் படம் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, மூன்று ஆஸ்கர் விருதுகளையும் வென்றது. நிற வேறுபாடு சந்தைக்கு ஆகாது என்று சொல்லி வந்தவர்களுக்கு அதன்பின் அந்தச் சாக்கு இல்லை.

முகத்தின் நிறம் பெரிதாக மாறாமலே வெள்ளையராக்கல் நடக்கும் இடமும் உண்டு. ஸ்கார்லெட் விட்ச் என்கிற வாண்டா மேக்சிமாஃப், படக்கதையில் ரோமா மக்களிடையே வளர்ந்தவள். வட இந்தியாவில் வேர்கொண்ட மொழியைப் பேசி, ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகத் துரத்தப்பட்டு, நாஜிகளால் கொன்று குவிக்கப்பட்ட மக்கள் அவர்கள். 2015இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் வாண்டா, சொகோவியா என்ற கற்பனை நாட்டுப் பெண், நடித்தவர் எலிசபெத் ஓல்சன். ரோமா என்ற பேச்சே படத்தில் எழவில்லை. நிறத்தை அளவுகோலாக வைக்கும் 'வெள்ளையடித்தல்' இந்த இடத்தில் கைகொடுக்காது. வாண்டாவை வெள்ளையராக்கினார்கள் என்று எழுதினால், ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் விடுபட்டதையும் அது சேர்த்துச் சொல்லும்.